சண்டைச் சேலை

என் உடம்பில் அடிபடாத இடம் எது என்று யாராவது கேட்டால், காது மடலுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடத்தைக் காட்டுவேன். மற்றதையெல்லாம் ஆளாளுக்குப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். முதுகு வாத்தியாருக்குப் போனது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். யார் முதலில் விட்டது என்பதில் எங்களுக்குள் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. முதுகு போக மிச்சம் இருந்ததையெல்லாம் கல் கிரஷர் மேஸ்திரி எடுத்துக்கொண்டான்.

கிரஷர் என்றால் பாறையைத் தின்று ஜல்லியாகத் துப்புகிற இயந்திரம். அதன் வாயில் கல்லைத் தள்ளுவது என் வேலை. கல்லைத் தள்ளுகிற என்னைத் தள்ளுவது மேஸ்திரியின் வேலை. அவன் இடுப்பில் அகலமான தோல் பெல்ட் ஒன்று இருக்கும். பேண்ட் நிற்பதற்காக இல்லை. அவன் தொப்பைக்கு பேண்ட் தானாகவே நிற்கும். அந்த பெல்ட் எங்களுக்காக.

ஒருநாள் கல் லாரி வரத் தாமதம். லாரியை அடிக்க முடியாதே, அதனால் மேஸ்திரி எங்கள் பக்கம் வந்தான்.

"ஏன்டா இன்னும் லோடு வரல?"

"கல்லு இப்பதான் எழுந்திருச்சு பல்லு வெளக்கிக்கினு இருக்குது மேஸ்திரி."

கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அதுதான் வினை. யாராவது சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "குளிச்சுட்டு வந்துடும்" என்று இன்னொன்றும் சேர்த்தேன். பெல்ட் வெளியே வந்தது. வழக்கமாகத் தோல் பக்கம்தான் அடிப்பான். அன்றைக்கு பக்கிள் பக்கம். காதோரம் கிழிந்து சட்டை முழுக்க ரத்தம். கீழே விழுந்த என்னைச் செருப்புக் காலால் புரட்டிப் புரட்டி அடித்தான். சப்பாத்தி சுடுகிறவன்கூட இரண்டு பக்கம்தான் புரட்டுவான்.

வீட்டுக்குப் போனதும் என் பெண்டாட்டி காதைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே அவன் பெல்ட்டுக்குக் கீழ நீ போயி நின்னேன்னா, உன்ன நானே அடிச்சுக் கொன்னுடுறேன். அவனுக்கு அந்த வேல மிச்சம்."

அவள் சொன்னால் செய்கிற ஆள். ஆக, கிரஷருக்குத் திரும்பிப் போகாமல் பிழைக்க வேண்டும். வேறு தொழில் எனக்குத் தெரியாது. வாய் ஒன்றுதான் மூலதனம். அந்த வாயால்தான் இதுவரைக்கும் அடி வாங்கியிருக்கிறேன், அதே வாயால் சோறும் தின்ன முடியுமா என்று பார்த்துவிடலாம் என்றுதான் சேலை வியாபாரத்தில் இறங்கினேன்.

கடை போடுகிற அளவுக்கு வசதி இல்லை. கண்ணாடி உடைந்த போன் ஒன்று இருந்தது. சேலம் பக்கத்தில் மொத்தமாக நெய்து அனுப்புகிற ஒரு ஆள் தினமும் காலையில் சேலைப் படங்களை வாட்ஸ்அப்பில் போடுவான். அதை நான் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தள்ளிவிடுவேன். யாராவது வேண்டும் என்றால் அவனிடம் வாங்கி, மேலே கொஞ்சம் வைத்துக் கொடுப்பேன். முதல் பார்சலுக்காக வீட்டில் இருந்த ஒரே ஆட்டை விற்றோம். அதுவும் போகும்போது என்னை முழங்காலில் முட்டிவிட்டுத்தான் போனது.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கும். எனக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். அதனால் எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என் குரலைப் பதிவு பண்ணி அனுப்ப ஆரம்பித்தேன். "அக்கா, இந்தச் சேலய கட்டிக்கினு நீ தண்ணி புடிக்கப் போனேன்னா, குழாயடியில சண்டையே வராது. எல்லாம் வாயப் பொளந்துக்கினு நிப்பாளுங்க, நீ மொதல்ல புடிச்சுக்கினு வந்துடலாம்." இந்த மாதிரி. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் பெண்கள் என் குரலைக் கேட்பதற்காகவே குரூப்பில் சேர்ந்தார்கள். வாங்குகிறவர்கள் கம்மி, சிரிக்கிறவர்கள் ஜாஸ்தி. ஆனாலும் வாங்கினார்கள்.

தொழில் ரகசியம் ஒன்று உண்டு. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். எந்தச் சேலையாக இருந்தாலும், எத்தனை பேர் கேட்டாலும், "ஒரே பீஸ்தான் அக்கா, உனக்காக எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

பௌர்ணமி அன்றைக்கு ஒரு பார்சல் வந்தது. அன்றைக்கு ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். நகரத்துக்கு வெளியிலேயே மூட்டையை இறக்கிவிட்டான் லாரிக்காரன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு கிரிவலம் வருகிற கூட்டத்தோடு கூட்டமாக நானும் நடந்தேன். வெறுங்காலில் மூட்டையோடு வருவதைப் பார்த்து, இவன் ஏதோ பெரிய வேண்டுதல் வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணப்போக, மூட்டை சரிந்து முன்னால் போன ஒரு தாட்டியான ஆள் முதுகில் விழுந்தது. அவர் திரும்பி அறைந்த அறையில் எனக்கு மலை இரண்டாகத் தெரிந்தது. மூட்டையைத் தூக்குவதற்குள், கூட்டத்தை ஒழுங்குபண்ணுகிறவர் வேறு "நடுவுல நிக்காத" என்று கெண்டைக்காலில் மூங்கில் குச்சியால் ஒன்று வைத்தார். வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்தால் நைட்டி. நைட்டிக்காக அண்ணாமலையாரை இப்படிச் சுற்றியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நடுவில் மேஸ்திரி போன் பண்ணுவான். "இன்னாடா சேல யாவாரி, இன்னும் எத்தினி நாளைக்கு மடிச்சிக்கினு இருப்ப? கல்லு உன்னத் தேடுதுடா." நான் பதிலுக்கு "ஒங்க வீட்டம்மா நைட்டி சைஸ் சொல்லு மேஸ்திரி" என்பேன். போனில் பெல்ட் வராது என்கிற தைரியம்.

அப்போதுதான் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பெண் குழந்தை வயதுக்கு வந்தது. அவள் அம்மா என் குரூப்பில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி. மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள், கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா என்கிற வேர்க்கடலை விவசாயம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர்கள். ஆனால் பெரிய மாமனுக்கும் சின்ன மாமனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பொதுக் கிணற்று மோட்டார் விஷயத்தில் பெரியவன் ஒயரை அறுத்தான், சின்னவன் மண்வெட்டிக் காம்பால் பெரியவனின் தோள் எலும்பை முறித்தான். அதற்குப் பிறகு ஒருவன் வருகிற விசேஷத்துக்கு இன்னொருவன் வருவதில்லை. தங்கச்சி இரண்டு வீட்டிலும் போய் அழுது, காலில் விழாத குறையாகக் கேட்டு, இரண்டு பேரையும் வரச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"எங்க அண்ணிங்க ரெண்டு பேரும் சீருக்குச் சேல தேடுறாங்க. உன் நம்பர குடுக்கட்டுமாடா? நல்லதா காட்டு. என் மானம் போவாம பாத்துக்க" என்றாள் அந்த அம்மா.

"உன் மானம் என் பார்சல்ல பத்திரமா வரும்க்கா" என்றேன்.

பெரிய மாமன் பெண்டாட்டிக்கு ஒரு படம் அனுப்பினேன். மொட்டை மாடியில் வெயிலில் ஒரு பெண் கட்டிக்கொண்டு நிற்கிற படம். நல்ல நீலம், ஜரிகை பார்டர். சின்ன மாமன் பெண்டாட்டிக்கு வேறு படம். மேஜை மேல் மடித்து வைத்த சேலை, டியூப்லைட் வெளிச்சம். நல்ல பச்சை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஒன்று நீலம், ஒன்று பச்சை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். மயில்கழுத்துக் கலர் வெயிலில் ஒன்றாகவும் விளக்கில் வேறாகவும் தெரியும் என்பதுதான் தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். வாய் இருக்கிறதே. பெரிய அண்ணிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "அண்ணி, இது ஒரே பீஸ்தான். இத தட்டுல வச்சிக்கினு நீங்க உள்ள வந்தீங்கன்னா, அந்தாண்ட வர்ற தட்டு தட்டா மொறமான்னே எவனும் பாக்க மாட்டான். அந்தம்மா மூஞ்சி அன்னிக்கே சுருங்கி ஆயா மூஞ்சி ஆயிடும்." எனக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு நல்ல வசனத்தை ஒரே ஆளுக்குச் செலவழிப்பதா என்று சின்ன அண்ணிக்கும் அதையே அனுப்பினேன்.

பார்சல் கறுப்புக் கவரில் ஒட்டியே வந்தது. பிரித்தால் கசங்கும் என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசேஷம் ஒரு சின்ன மண்டபத்தில். என் சரக்கு சபை ஏறுவதைப் படம் பிடித்து மற்ற அக்காக்களுக்குப் போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று போனைத் துடைத்துக்கொண்டு நானும் போனேன். சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து நின்றேன். அந்தப் பெண் குழந்தை தலை நிறையப் பூவோடு, கழுத்து நிமிர்த்த முடியாமல், மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பயத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு மாமன்களும் மேடையின் இரண்டு மூலையில்.

மைக்கில் ஒருவர் சீரைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிய தாய்மாமன் வரிசைத் தட்டு, பட்டுச் சேலை!" துணியை விலக்கினார்கள். நான் படம் எடுத்தேன். "சின்னத் தாய்மாமன் வரிசைத் தட்டு, பட்டுச் சேலை!" விலக்கினார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது. அதே சேலை. அதே பார்டர். முந்தானையில் அதே மயில், அதே பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு.

முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா சத்தமாகச் சொன்னாள்: "பேச்சு வார்த்த இல்லன்னாங்க. ரெண்டு பேரும் கலந்து பேசி எடுத்த மாரி இல்ல இருக்குது!"

மண்டபமே சிரித்தது.

"நான் எடுத்தத எவளோ மோந்து பாத்துக்கினு போயி எடுத்திருக்கா" என்றாள் சின்ன அண்ணி.

"யாருடி எவ? உன் புருஷனுக்கு ஒயரு வாங்கவே வக்கில்ல, நீ எடுத்தத நான் பாத்து எடுக்கணுமா?"

"ஒயர அறுத்தவன் பொண்டாட்டி பேசுற பேச்சப் பாரு! எனக்கு ஒரே பீஸ்னு சொல்லித்தான் குடுத்தான். இரு, கேளு" என்று சின்ன அண்ணி போனை எடுத்து, மைக் வைத்திருந்தவர் கையைப் பிடித்து இழுத்து, மைக்குக்கு நேராக வைத்தாள்.

என் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது. தெருவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் ஒலித்தது. "அந்தம்மா மூஞ்சி அன்னிக்கே சுருங்கி ஆயா மூஞ்சி ஆயிடும்." சுவரில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் "ஆயிடும்" என்றது.

பெரிய மாமன் மெதுவாக எழுந்தான். "எம் பொண்டாட்டிய சபையில ஆயான்னு சொல்றதுக்கு ஆள் வச்சிருக்கியாடா நீ?"

"நான் எதுக்குடா ஆள் வைக்கணும்? பாத்தாலே தெரியுதே" என்றான் சின்ன மாமன்.

முதல் நாற்காலி பறந்தது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பெரியவன் தம்பியின் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதினான். சின்னவன் வாயில் வந்த ரத்தத்தை அண்ணன் முகத்திலேயே துப்பிவிட்டு, குத்துவிளக்கைப் பிடுங்கி விலாவில் இறக்கினான். எண்ணெய் கொட்டி இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் இறங்கினார்கள். வாசல் வாழைமரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். சாம்பார் அண்டா சாய்ந்து, காலில் கொட்டி, ஒருவன் அலறினான். நான் பந்தி மேஜைக்கு அடியில் இருந்தேன். அப்பளம் இரண்டு கீழே விழுந்தது. பயத்தில் எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை.

சின்ன மாமன் இரும்பு நாற்காலியை மடக்கி, இரண்டு கையாலும் சுழற்றி அண்ணனைப் பார்த்து வீசினான். அண்ணன் குனிந்துவிட்டான். பின்னால் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலிக் கால் அவள் புருவத்துக்கு மேல் பட்டது. அவள் கத்தவில்லை. உட்கார்ந்த மாதிரியே இருந்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, மஞ்சள் பூசின கன்னத்தில் வழிந்தது. அவள் அம்மா பாய்ந்து வந்து, கைக்குக் கிடைத்த துணியை எடுத்து நெற்றியில் அழுத்தினாள். அது தட்டில் இருந்த சேலை. அது நனைந்ததும் இன்னொரு தட்டில் இருந்த சேலையை எடுத்து அழுத்தினாள். யாருடையது ஒரே பீஸ் என்று அடித்துக்கொண்ட இரண்டு சேலையும் அந்தக் குழந்தையின் தலைக்குக் கட்டுப் போட்டன.

மண்டபம் அடங்கிப் போனது. அந்த அமைதியில் பெரிய அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணப்போக, எங்கேயோ விரல் பட்டுவிட்டது. என் குரல் திரும்பவும் வந்தது. "அண்ணி, இது ஒரே பீஸ்தான்..."

அதே வசனம். கடைசி வரைக்கும் ஓடியது. ஒருத்தரும் நிறுத்தவில்லை. பெரிய மாமன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்கள். என் வாயில் அப்பளம் இருந்தது.

"வாடா வெளிய" என்றான் பெரியவன், ரொம்ப மரியாதையாக.

காலைப் பிடித்து இழுத்தார்கள். இத்தனை வருஷம் ஒரு வாய்க்காலில் சேர்ந்து தண்ணீர் பாய்ச்சாத அண்ணனும் தம்பியும் அன்றைக்கு ஒற்றுமையாக வேலை செய்தார்கள். அண்ணன் பிடித்தான், தம்பி அடித்தான். தம்பிக்குக் கை வலித்ததும் அவன் பிடித்துக்கொண்டான், அண்ணன் அடித்தான். சாதம் கிளறுகிற கரண்டியால் விலாவில் விழுந்த அடியில் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு பல் அங்கேயே போயின. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு அடிக்கு நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மயக்கம் வந்த பிறகும் அடித்ததாகப் பிறகு போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆமாம், போனில். நான் எடுக்க நினைத்த படத்தை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அடி அண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் நான் புரள்வதைப் பார்த்தார்கள். சிலர் அதற்குப் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் விலாவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டில் படுத்திருந்தேன். என் பெண்டாட்டி கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு திட்டு. தொழில் செத்தது, இனி கிரஷர்தான், பெல்ட்தான் என்று நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் சத்தம் போட ஆரம்பித்தது.

"தம்பி, அந்தச் சண்டச் சேல இருக்குதா?"

"அண்ணே, ரெண்டு மாமனுங்க அடிச்சிக்கினானுங்களே, அதே டிசைன்தான் வேணும்."

"எங்க நாத்தனார் வளகாப்புக்கு எடுத்துக்கினு போவணும். ஒரே பீஸ்னு மட்டும் சொல்லாதடா, சிரிப்பு வருது."

நான் இதுவரைக்கும் விற்றதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு பேர் கேட்டதில்லை. பல் போன ஓட்டையில் காற்று போக, "இருக்குதுக்கா, வரும்க்கா" என்று படுத்துக்கொண்டே ஆர்டர் எடுத்தேன். விலா வலி தெரியவில்லை. சிரித்தால்தான் தெரிந்தது. அதனால் அழுத மாதிரியே சந்தோஷப்பட்டேன். "பாத்தியா, வாயாலயே பொழச்சிட்டேன்" என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் கஞ்சி ஸ்பூனைக் கொஞ்சம் அழுத்தியே உள்ளே விட்டாள்.

நாலு நாள் கழித்து ஒரு மதியம் அந்தக் குழந்தையின் அம்மா வந்தாள். கையில் ஒரு பை. நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். அவள் நேராக வந்து, பல் இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு அறை விட்டாள். அண்ணன்கள் அடித்ததைவிட அது அதிகமாக வலித்தது.

"உன் நம்பர நான்தான்டா குடுத்தேன்" என்றாள். பையைக் கவிழ்த்தாள். இரண்டு சேலையும் விழுந்தன. துவைத்திருந்தாள். கறை போகவில்லை.

"ஸ்கூலுக்குப் போனா, சண்டச் சேல வந்துடுச்சுன்னு கூப்புடுதுங்க. பொண்ணு பேரே அதான் இப்போ. தையல் பிரிச்சா தழும்பு இருக்கும், அது வேற. நேத்து எவளோ உன்கிட்ட அதே சேலைக்கு ஆர்டர் சொல்லியிருக்கேன்னு என் வூட்டு வாசல்ல நின்னு சொல்றா. தெருவுல நாலு பேரு இத கட்டிக்கினு நடந்தா எம் பொண்ணு எப்பிடிடா வெளிய வருவா? கல்யாணம் வரைக்கும் கதவ சாத்திக்கினு உள்ளயே இருக்கணுமா?"

பக்கத்தில் இன்னும் ஆர்டர் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்துவைத்தேன்.

அவள் போன பிறகு என் பெண்டாட்டி அந்தச் சேலைகளை எடுத்து மடித்தாள். "எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லிடு" என்றாள்.

"இதான்டி நமக்கு வந்த ஒரே யாவாரம். இத விட்டா கிரஷருதான்."

"கிரஷருக்கும் இல்லன்னு சொல்லு."

கேட்கச் சுலபமாக இருந்தது. ஒவ்வொருத்தருக்காகக் குரல் பதிவு அனுப்பினேன். "அந்தச் சேல இல்லக்கா. வராது. வேற எது வேணும்னாலும் கேளு." கோபப்பட்டார்கள். பெரிய ஆள் ஆகிவிட்டான் என்றார்கள். ஒவ்வொருத்தராகக் குரூப்பை விட்டுப் போனார்கள். சேலம்காரன், புதுசாக நெய்யச் சொல்லியிருந்த சரக்கை வேண்டாம் என்றதற்கு, என் பரம்பரையில் செத்துப்போனவர்களைக்கூட விடாமல் திட்டினான். மண்டபத்துப் படம் பார்த்துத்தான் மேஸ்திரியும் போன் பண்ணினான். "எங்கிட்டயே அடி வாங்கிக்கினு இருந்தா ஆஸ்பத்திரி செலவாவது மிச்சமாயிருக்கும் இல்லடா? வந்துடு." போனை வைத்துவிட்டேன். வீட்டில் அரிசிப் பானை சத்தம் போட ஆரம்பித்திருந்தது. காலியாக இருந்தால்தான் பானை சத்தம் போடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் சத்தம். மேஸ்திரியே வந்துவிட்டான். என் பெண்டாட்டி, கறை போகுமா என்று அந்த இரண்டு சேலைகளையும் திரும்ப ஊறவைத்துத் துவைத்து, வாசல் கொடியில் போட்டிருந்தாள்.

"எங்க வூட்டம்மா மானத்த வாங்குறாடா. அவ அண்ணன் வூட்டு விசேஷத்துக்கு அந்தச் சண்டச் சேலதான் வேணுமாம். எவ்ளோ கேட்டாலும் குடுக்குறேன்."

"இல்ல மேஸ்திரி. அது விக்கிறதில்ல."

"தோ தொங்குதே."

"அது கற பட்டது."

"கறயோட குடு. அதான்டா மவுசு." என் தோளில் கையைப் போட்டான். விலா வலித்தது. "இங்க பாரு. சேலய குடு. நாளைக்கே வேலைக்கு வா. இனிமே நீ கல்லு தள்ள வேணாம். ஆளுங்கள மேய்ச்சிக்க. எனக்குக் கீழ நீதான். பெல்ட்ட உன் கையில குடுத்துடுறேன்."

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்த பெல்ட்டைக் கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று என் கையே தானாக மடங்கிப் பார்த்தது. பெல்ட் என் கையில் இருந்தால் என் முதுகில் விழாது, அவ்வளவுதான். ஆனால் கொடியில் அந்தச் சேலை ஆடிக்கொண்டிருந்தது. நெற்றி பட்ட இடம் எது என்று தெரிந்தது.

"எனக்கு பேண்ட்டே கெடையாது மேஸ்திரி. லுங்கிக்கு எதுக்கு பெல்ட்டு?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டுக் கொடியிலிருந்து ஒரு சேலையை உருவினான். நான் மறுமுனையைப் பிடித்தேன். அவன் இழுத்தான். நான் விடவில்லை. இடுப்புக்குக் கை போனது. பெல்ட் வந்தது. முதல் வீச்சு தோளில். இரண்டாவது முகத்தில், பக்கிளோடு. மூன்றாவது கட்டுப் போட்ட விலாவில். மூச்சே நின்றுவிட்டது. மண்டியிட்டு விழுந்தேன், ஆனால் சேலையை விடவில்லை. "வுடுடா நாயே" என்று அவன் சேலை பிடித்த கையை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து முறுக்கினான். நாய் என்று அவனே சொல்லிவிட்டான். மிச்சம் இருந்த பல்லெல்லாம் சேர்த்து அந்தக் கையைக் கடித்தேன்.

தோல் கிழிகிறது பல்லில் தெரிந்தது. உப்பாக ரத்தம் வந்தது. அவன் கத்திக்கொண்டு பெல்ட்டால் என் மண்டையில் போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை. என் பெண்டாட்டி உள்ளேயிருந்து இரும்புக் குழலோடு வந்தாள், அடுப்பு ஊதுகிற குழல். அவன் முழங்கையில் ஒன்று, முட்டியில் ஒன்று. அவனோ மொத்த பலத்தோடு பின்னால் இழுத்தான். டர் என்று சேலை நடுவில் கிழிந்தது. அவன் பைக் மேல் போய் விழுந்தான். பைக் அவன் மேல் விழுந்தது.

எழுந்து, ஒரு கையில் பாதிச் சேலையோடு, இன்னொரு கையில் ரத்தம் சொட்ட, பைக்கை உதைத்துக் கிளப்பினான். பெல்ட் எங்கள் வாசலிலேயே கிடந்தது. கிரஷர் பக்கம் இனி நானே ஆசைப்பட்டாலும் போக முடியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"மேஸ்திரி!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினேன். "பாதிச் சேலைக்குப் பாதித் துட்டு குடுத்துட்டுப் போ!"

"கத்தாத, இன்னொரு பல்லும் வுழுந்துடும்" என்றாள் என் பெண்டாட்டி.

அவள் மிச்சப் பாதியையும் இன்னொரு சேலையையும் சுருட்டிக்கொண்டு போய், பின்பக்கம் வெந்நீர் அடுப்பில் திணித்தாள். நான் நொண்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். சேலை எரியவில்லை. சுருங்கி, உருகி, சொட்டுச் சொட்டாக வடிந்து, பிளாஸ்டிக் குடம் எரிகிற நாற்றம் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்தோம்.

"இத பட்டுன்னு சத்தியம் பண்ணித்தானே வித்த?" என்றாள்.

இரும்புக் குழல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. முறிந்த விலாவோடு ஒருவன் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.